சரிவு மனையில் சிறிய, கதகதப்பான வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியிலும் பழனி மலையிலும் வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் உதகை (சுமார் 2,240 மீட்டர்), குன்னூர் (1,850), கோத்தகிரி (1,790), கொடைக்கானல் (2,130) போன்ற உயரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கூடலூர் போன்ற தாழ்வான, வெப்பமான பகுதிகளுக்குக் குளிர் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தா.

மலையில சமமான மனை கிடைச்சா அதுதானே நல்லது? சரிவு மனையை எதுக்கு வாங்கணும்?

மலையில் இயற்கையாகவே சமமாக இருக்கும் இடம் பெரும்பாலும் பள்ளத்தாக்கின் அடிப்பகுதியாகவோ, நீர் ஊறும் சதுப்பாகவோ, யாரோ மண் கொட்டி நிரவிய இடமாகவோ இருக்கும். பள்ளத்தில் குளிர் தேங்கும். இரவில் கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து கீழே தங்கிவிடுவதால்தான் டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி முதலில் படிகிறது. அதே இரவில் நடுச்சரிவில் இருக்கும் தோட்டம் பல நேரம் தப்பிவிடும். ஆகவே அளவான சரிவுள்ள நடுச்சரிவு மனை, வீட்டைச் சூடேற்றும் செலவிலும் வடிகாலிலும் தொடக்கத்திலேயே ஒரு படி முன்னால் நிற்கிறது.

மண் கொட்டி நிரவிய இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் ஐந்தடி ஆழக் குழி தோண்டினால் போதும். இயற்கை மண்ணில் மேலே கருத்த மண், அதற்குக் கீழே செம்மண், பிறகு நொறுங்கும் பாறை என்று நிறம் ஒழுங்காக மாறிக்கொண்டே போகும். கொட்டிய மண்ணில் செங்கல் துண்டும் பிளாஸ்டிக் பையும் மட்கிய வேரும் கலந்து கிடக்கும்; சில இடங்களில் நான்கடிக்குக் கீழே பழைய புல்தரையின் கருப்புக் கோடே தெரியும். அப்படிப்பட்ட மண்ணின் மேல் அஸ்திவாரம் நிற்கக் கூடாது.

சரிவு எவ்வளவுன்னு நாமளே அளக்க முடியுமா?

முடியும். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்), ஒரு நாடா, இரண்டு குச்சிகள் இருந்தால் போதும். மனையின் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லை வரை கிடைமட்ட நீளம் 12 மீட்டர், இறக்கம் 3 மீட்டர் என்றால் சரிவு நான்குக்கு ஒன்று. இந்த இறக்கம் ஏறத்தாழ ஒரு தளத்தின் உயரம். அதாவது மேல் எல்லையில் தரைத்தளமாக இருப்பது கீழ் எல்லையில் முதல் மாடியாகிவிடும். எட்டுக்கு ஒன்றுக்கும் குறைவான சரிவில் பெரிய சிக்கல் இல்லை. மூன்றுக்கு ஒன்றைத் தாண்டினால், மண் பரிசோதனையும் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கும் இல்லாமல் முன்பணம் கொடுப்பதே சரியில்லை என்பது என் கருத்து.

அளக்கும்போதே சுற்றிலும் பார்க்க வேண்டும். அடிமரம் வளைந்து பிறகு நிமிர்ந்து வளர்ந்திருக்கும் மரங்கள், மண் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதைக் காட்டும். சரிவுக்குக் குறுக்கே ஓடும் பிறை வடிவ வெடிப்பும், மழை நின்று பல நாள் ஆன பின்பும் ஈரமாகவே இருக்கும் பசும்புல் திட்டும் அதைவிட மோசமான அறிகுறிகள்.

எந்தப் பக்கம் பார்த்த சரிவு நல்லது?

உதகை பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றரை பாகைக்குச் சற்றுக் குறைவான அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கு அடிவானத்திலிருந்து சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். ஜூன் 21 நண்பகலில் வடக்கே சாய்ந்து 78 பாகையில் நிற்கும். குளிர்கால வெயில் வேண்டுமென்றால் தெற்கும் தென்கிழக்கும் பார்த்த சுவர்கள்தாம் அதைத் தரும். இதில் கிழக்குக்கே முதலிடம் கொடுப்பேன், ஏனெனில் மலையில் பல நாள் காலை தெளிவாக இருந்து, மதியத்துக்குப் பின் மூட்டம் கட்டிவிடுகிறது. மேற்கு ஜன்னல் எதிர்பார்க்கும் மாலை வெயில் வராமலே போகலாம்.

மழையின் திசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவலாஞ்சி, உதகையின் மேற்குப் பகுதிகள் தென்மேற்குப் பருவமழையை முகத்தில் வாங்குகின்றன. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளும் கொடைக்கானலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழையில்தான் அதிகம் நனைகின்றன. எனவே கோத்தகிரியில் கிழக்குச் சுவருக்கு வெயிலும் தேவை, சாரலிலிருந்து காப்பும் தேவை. இரண்டடிக்குக் குறையாத கூரை நீட்டம் அங்கே அவசியம். வாங்குவதற்கு முன் டிசம்பர் அல்லது ஜனவரியில் ஒரு காலை மனையில் நின்று, வெயில் எத்தனை மணிக்கு மண்ணைத் தொடுகிறது என்று பாருங்கள். எதிர்மலையோ பக்கத்துச் சில்வர் ஓக் வரிசையோ ஒன்பதரை மணி வரை மறைத்தால், திசைகாட்டி என்ன சொன்னாலும் அது கிழக்கு மனை ஆகாது.

வாஸ்துப்படி வடகிழக்கு பள்ளமா இருக்கணும்கிறாங்க. எங்க மனை மேற்கே இறங்குது. என்ன பண்றது?

வடகிழக்கே இறங்கும் மனைக்குக் காலை வெயில் கிடைப்பதால், அந்த விதியும் மேலே சொன்ன கணக்கும் பல இடங்களில் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத மனையில் மேற்கில் மண் கொட்டி உயர்த்தி, கிழக்கில் வெட்டித் தாழ்த்தும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். பூஜை இடம், அடுப்பின் திசை, தலைவாசல் ஆகியவற்றில் குடும்பத்தார் விரும்பியபடி செய்துகொள்ளலாம். மலையின் சாய்வை மாற்ற முயலும் ஆலோசனையை ஏற்க வேண்டாம்.

ரோட்டுக்கு மேல இருக்கிற மனையா, கீழ இருக்கிற மனையா?

சாலைக்குக் கீழே உள்ள மனையில் கல்லும் மணலும் சிமெண்டும் இறங்கிப் போகும், ஏறிப் போவதில்லை. தலைச்சுமைக் கூலியில் இது பெரிய வேறுபாடு. மேல்தளத்திலேயே வாசல் வைத்து, கூடமும் சமையலறையும் மேலே, படுக்கையறைகள் கீழே என்று அமைக்கலாம். ஆனால் சாலையில் விழும் மழைநீர் முழுவதும் உங்கள் பின்சுவரை நோக்கி வரும். கழிவுநீர்க் குழாய் சாலையில் இருந்தால் அதை மேலே ஏற்ற மோட்டார் வேண்டியிருக்கும்.

சாலைக்கு மேலே உள்ள மனையில் வடிகால் எளிது, வெயிலும் கூடுதல். ஆனால் சாலைக்காக வெட்டிய செங்குத்து மண்சுவர் உங்கள் முன்புறத்திலேயே இருக்கும். வீட்டை அதன் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியும் என்பதே முதல் கேள்வி. முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் சாலைக்குக் கீழான மனையையே சொல்வேன்; முப்பது படி ஏறித்தான் ஆட்டோவிலிருந்து வீட்டுக்கு வர வேண்டும் என்பது அறுபது வயதுக்கு மேல் நாள்தோறும் உறுத்தும்.

ஜேசிபி வெச்சு ஒரே நாள்ல மனையைச் சமன் பண்ணிட்டா மத்த வேலையெல்லாம் ஈசி இல்லையா?

முதலில், நீலகிரியில் மண் அள்ளும் கனரக இயந்திரங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் இறக்கினால் வண்டியும் போகும், வேலையும் நிற்கும். அனுமதி கிடைத்தாலும் கணக்கு பாதகமாகத்தான் இருக்கிறது.

நான்குக்கு ஒன்று சரிவில் 12 மீட்டர் அகலம், 9 மீட்டர் ஆழம் உள்ள ஒரு தளத்தை முழுவதும் வெட்டியே எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பின்புறம் 2.25 மீட்டர் உயர மண்சுவர் நிற்கும். வெட்டிய மண் ஏறத்தாழ 121 கன மீட்டர், அதாவது சுமார் 43 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). வெட்டியதும் மண் பொலபொலத்து உப்புவதால் லாரிக் கணக்கு இன்னும் கூடும். அதே வீட்டை நாலரை மீட்டர் ஆழமுள்ள இரண்டு படிகளாக அமைத்தால் வெட்டும் மண் பாதியாகிறது, ஒவ்வொரு மண்சுவரும் 1.1 மீட்டர்தான். மண்ணின் பக்கவாட்டு அழுத்தம் சுவர் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும், சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை உயரத்தின் மும்மடிக்கு ஏற்பவும் கூடும். எனவே உயரம் பாதியானால் அழுத்தம் கால் பங்கு, கவிழ்க்கும் விசை எட்டில் ஒரு பங்கு. இரண்டு தளங்களுக்கும் இடையே ஆறேழு படிகள் வரும். அந்தப் படிகளின் அடியிலேயே துணிமணி, விறகு, இன்வெர்ட்டர் வைக்கும் இடத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

நீலகிரியில் படகர்களின் ஊர்களான ஹட்டிகளைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சரிவின் சமமட்டத்தை ஒட்டி நீளமாக ஒரு வரிசை, அதற்குக் கீழே இன்னொரு வரிசை. ஆழம் குறைவு, நீளம் அதிகம். அடுத்தடுத்த வீடுகள் பக்கச் சுவரைப் பகிர்ந்துகொள்வதால் குளிரில் வெளித்தெரியும் சுவரும் குறைகிறது.

தூண் போட்டு மேல தூக்கி நிறுத்திட்டா மண்ணே வெட்ட வேண்டாமே?

இலேசான மரம் அல்லது இரும்புச் சட்ட வீட்டுக்கு அது நல்ல வழி. கான்கிரீட் வீட்டில் இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. சரிவின் மேற்பக்கத் தூண்கள் குட்டையாகவும் கீழ்ப்பக்கத் தூண்கள் நெட்டையாகவும் இருப்பதால், நிலம் அதிரும்போது விறைப்பான குட்டைத் தூண்களே பெரும்பங்கு விசையை வாங்கி முதலில் உடையும். நிலநடுக்கப் பாதுகாப்புக்கான இந்தியத் தர விதிநூலான ஐஎஸ் 1893-இன் 2016 பதிப்பு கோயம்புத்தூரை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் நில அதிர்வு மண்டலத்தில் வைத்திருக்கிறது. மலையடிவாரமே அப்படி என்றால், மேலே இருப்பவர்கள் இதை அலட்சியம் செய்ய முடியாது. இரண்டாவது, தரைக்கு அடியில் குளிர்காற்று புகுந்து ஓடுவதால் தரையும் இன்னொரு வெளிச்சுவர் ஆகிவிடுகிறது. தரையின் அடியில் வெப்பக்காப்புப் பலகை ஒட்டாவிட்டால் கம்பளிக் காலுறை இல்லாமல் நடக்க முடியாது. பின்பகுதியைப் படியாக மண்ணில் அமர்த்தி, முன்பகுதியை மட்டும் தூணில் நிறுத்துவது பல மனைகளுக்கு ஒத்துவரும்; அதன் கணக்கைப் பொறியாளரே போட வேண்டும்.

தடுப்புச் சுவர் நல்லா கனமா கட்டிட்டா மண் சரியாதுல்ல?

தடுப்புச் சுவர்கள் பெரும்பாலும் மண்ணின் எடையால் விழுவதில்லை, பின்னால் தேங்கிய நீரால் விழுகின்றன. ஈரம் நிறைந்த மண் கனக்கிறது, அதன் பிடிப்புத் தளர்கிறது, போதாக்குறைக்கு நீரின் அழுத்தமும் தனியாகச் சேர்கிறது. ஆகவே சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, மண் புகாதபடி வடிகட்டும் துணி விரித்து, அடியில் துளையிட்ட குழாய் ஓட்டி, முகப்பில் ஐந்தடிக்கு ஒன்றாவது நீர்க்கசிவுத் துளை விட வேண்டும். துளை விட்டுவிட்டு, பின்னால் ஜல்லி போடாமல் வெட்டிய மண்ணையே தள்ளி மூடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. முதல் மழையிலேயே துளை சேற்றால் அடைபடும். அப்புறம் சுவர் வயிறு தள்ளும். இந்த வடிகால் வேலை நடக்கும் நாளில் வீட்டுக்காரர் அங்கேயே நிற்பது நல்லது.

சுவருக்கு மேலே, மனையின் மேல் எல்லையில், வரும் நீரை இருபக்கமும் திருப்பிவிடும் ஒரு வாய்க்கால் கட்டாயம் வேண்டும். உயரம் குறைந்த சுவர் போதுமான இடங்களில் கல் நிரப்பிய கம்பிக்கூடைச் சுவர் நன்றாக இருக்கிறது, ஏனெனில் அது முழுவதுமே துளைதான். இடையிலுள்ள சரிவில் வெட்டிவேர் நடலாம். உறைபனி விழும் இடங்களில் அது மெதுவாகத்தான் பிடிக்கும் என்பதால், உள்ளூர்ப் புல்லையும் புதரையும் முடிந்தவரை செதுக்காமல் விடுவதே மேல்.

மழைநீர் சேகரிப்புக் குழி கட்டாயம்னு சொல்றாங்க. வீட்டுக்குப் பின்னாடி தோண்டிடலாமா?

சமவெளிக்குப் பொருந்தும் உறிஞ்சு குழியைச் செங்குத்துச் சரிவில் வீட்டுக்கு மேற்புறம் தோண்டுவது, மேலே சொன்ன தடுப்புச் சுவரின் முதுகில் நாமே தண்ணீர் ஊற்றுவதாகும். 2009 நவம்பர் 10 அன்று பதிவான 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 செ.மீ. மழை கொட்டியது, அந்த நாள்களின் நிலச்சரிவுகளில் நீலகிரி இழந்த உயிர்களை யாரும் மறக்கவில்லை. 100 சதுர மீட்டர் கூரையில் அந்த ஒரு நாள் மழை மட்டும் 82,000 லிட்டர். எந்தக் குழியும் அதை உறிஞ்சாது.

இங்கே சேகரிப்பு என்பது தொட்டியில் பிடிப்பதாக இருக்க வேண்டும். கூரை நீரை வடிகட்டி, பத்தாயிரம் முதல் இருபதாயிரம் லிட்டர் தொட்டியில் சேர்த்து, தொட்டி நிரம்பி வழியும் நீரைக் குழாய் வழியாகவே மனையின் கீழ் எல்லையைத் தாண்டி, கல் பாவிய ஓடைக்கோ பொது வடிகாலுக்கோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுக்கும் மாவட்டத்தில் கட்டுப்பாடு இருப்பதால், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இந்தத் தொட்டி நீரின் அருமை தெரியும். செப்டிக் டேங்கின் கசிவுக் குழிக்கும் இதே விதிதான்: வீட்டுக்குக் கீழ்ப்புறம், தடுப்புச் சுவர்களிலிருந்து தள்ளி, கீழே இருப்பவரின் ஊற்றுக்கு மேலே அமையாதபடி.

என்னென்ன அனுமதி வாங்கணும்?

ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி ஆகியவற்றில் எதற்குள் மனை இருக்கிறதோ அங்கே கட்டட அனுமதி வாங்க வேண்டும். பல மலைக் கிராமங்கள் 1990 முதல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் இருக்கின்றன. அங்கே வனம், வேளாண் பொறியியல், புவியியல் துறைகளின் கருத்தும் கேட்கப்படும். மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனி அனுமதி தேவை. நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டர் என்ற வரம்பு, சரிவில் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதை வரைபடம் போடும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். படிப்படியாக இறங்கும் வீட்டுக்கு இந்த வரம்பு பெரிய தடையாக இருப்பதில்லை.

நாலு பேர் இருக்கிற குடும்பத்துக்கு எத்தனை சதுர அடி போதும்?

திட்டமிட்டுச் செய்தால் 900 முதல் 1,000 சதுர அடி போதும். குளிர்ப் பிரதேசத்தில் ஒவ்வொரு கூடுதல் அறையும் கட்டும்போது ஒருமுறையும், பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் செலவு வைக்கிறது. உட்கூரை ஒன்பதடி, அதாவது 2.75 மீட்டர் இருந்தால் போதும். பதினோரடிக் கூடத்தில் சூடான காற்று தலைக்கு மேலே போய் நிற்கும். தோடர்களின் பழைய குடில்கள் மிகச் சிறிய வாசலும் தாழ்ந்த வளைகூரையுமாக இருந்ததன் காரணமும் இந்தக் குளிர்தான்.

குறைத்துக் கட்டுவது என்பதைச் சுவரை வெள்ளையடித்து நாற்காலியை ஒளித்துவைப்பதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது வேறு: விருந்தினருக்கென்று ஆண்டில் பத்து நாள் திறக்கும் அறை வேண்டாம், கூடத்தில் ஒரு திண்ணைக் கட்டிலே போதும். நடைபாதைக்கென்று தனி இடம் ஒதுக்காமல், சமையலும் சாப்பாடும் படிப்பும் ஒரே கிழக்கறையில் நடக்கட்டும். குளியலறைகளையும் சமையலறையையும் ஒரே சுவரின் இருபுறமும் வைத்தால் சுடுநீர்க் குழாயின் நீளம் குறையும். குழாயில் ஆறிப்போகும் வெந்நீரும் மிச்சமாகும். வெளிப்புற வடிவத்தில் மூலைகளும் மடிப்புகளும் குறையக் குறைய வெப்பம் தப்பும் பரப்பும் குறைகிறது.

சுவருக்குக் கருங்கல்தானே கதகதப்பு? வெள்ளைக்காரன் பங்களாவெல்லாம் கல்லுதானே?

இது மிகவும் பரவலான நம்பிக்கை. பதினெட்டு அங்குலக் கருங்கல் சுவர், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட வேகமாக வெப்பத்தை வெளியே விடும். ஒரு சதுர மீட்டரில், ஒரு பாகை வெப்ப வேறுபாட்டுக்கு எத்தனை வாட் தப்பிக்கிறது என்பதை யூ மதிப்பு என்பார்கள். கருங்கல்லுக்கு அது ஏறத்தாழ 3, எட்டங்குல சாலிட் பிளாக்குக்கு 2.8, பூசிய ஒன்பது அங்குலச் செங்கல்லுக்கு 2, எட்டங்குல ஏஏசி பிளாக்குக்கு (காற்றுக்குமிழ்கள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) 0.75 அளவில் இருக்கும். உள்ளே 18 பாகை, வெளியே 8 பாகை செல்சியஸ் என்றால் 100 சதுர மீட்டர் செங்கல் சுவர் வழியாக 2,000 வாட் போகிறது, ஏஏசியில் 750. பழைய பங்களாக்களில் அறைக்கு ஒரு கணப்பும் அதற்கு விறகு போட ஆளும் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு அவற்றின் சுவரைப் புகழ்கிறோம்.

மண்ணைத் தாங்கும் பின்சுவருக்கும் அடித்தளத்துக்கும் கல் அருமையான பொருள். வெளிச்சுவர்களுக்கு ஏஏசி, அல்லது கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் (செங்கல்லைக் கிடத்தாமல் நிமிர்த்தி, நடுவே காற்றிடம் விட்டு) செங்கல் வைக்கலாம். பின்னதில் செங்கல் சுமார் கால் பங்கு மிச்சமாகும், இடையிலுள்ள காற்றிடம் ஓரளவு காப்பளிக்கும்; சாரல் அடிக்கும் பக்கத்தில் மட்டும் வெளிப்பூச்சு வேண்டும். ஏஏசி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் பேஸ்மட்டத்துக்குக் கீழே அதைப் பயன்படுத்தக் கூடாது.

கூரை எப்படி? தளமா, ஓடா, சீட்டா?

சாய்கூரைதான். எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் கீழே காப்பு வேண்டும், ஏனெனில் வெப்பம் அதிகம் தப்புவது மேல்வழியாகத்தான். வெறும் கான்கிரீட் தளத்தின் யூ மதிப்பு 3.5 அளவில் இருக்கும், 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (கெட்டியான நுரைப் பிளாஸ்டிக்) பலகை சேர்த்தால் 0.5 ஆகிறது. வீடுகளுக்கான ஈகோ நிவாஸ் சம்ஹிதா விதிநூல் (2018) கேட்கும் உச்ச வரம்பு 1.2 என்பதால் இது தாராளம். சீட் கூரையின் அடிப்பரப்பில் இரவில் நீர் வியர்த்துச் சொட்டும். சீட்டுக்கும் காப்புப் பலகைக்கும் இடையே காற்றோட்டமுள்ள இடைவெளியும், உட்புறம் நீராவி புகாத தாளும் வைத்தால் அது நிற்கும். பணம் ஓரிடத்தில்தான் செலவழிக்க முடியும் என்றால் அது கூரைக் காப்பாக இருக்கட்டும்.

வியூ நல்லா இருக்கு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வெச்சுடலாமா?

ஒற்றைக் கண்ணாடியின் யூ மதிப்பு 5.7, செங்கல் சுவரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை விடும். இரட்டைக் கண்ணாடி 2.8. பள்ளத்தாக்கு தெற்கிலோ கிழக்கிலோ இருந்தால், கூடத்துக்கு ஒரு பெரிய ஜன்னலை இரட்டைக் கண்ணாடியில் வைத்து, இரவில் கனத்த திரை போடுங்கள். காட்சி மேற்கிலோ வடக்கிலோ இருந்தால் உட்கார்ந்த நிலையில் கண்மட்டத்துக்குச் சரியாக அமையும் ஒரு சிறிய ஜன்னல் போதும். எந்தக் கண்ணாடியைவிடவும் மலிவான சேமிப்பு, கதவு ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டுவது.

கீழ் ரூம் பாதி மண்ணுக்குள்ள போகுது. அப்போ குளிரே தெரியாதில்ல?

ஆழத்தில் மண்ணின் வெப்பம் ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நிற்கும். உதகையில் அது 15 பாகையை ஒட்டியது. ஆகவே அந்த அறை ஜனவரி இரவில் 3 பாகைக்கு இறங்காது, ஆனால் மே மாதத்திலும் தானாகச் சூடேறாது. மண்ணைத் தொடும் சுவரின் வெளிப்புறத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு, அதன் மேல் காப்புப் பலகை, அதற்குப் பின்னால் முன்பு சொன்ன ஜல்லி வடிகால் என்ற வரிசை தவறக் கூடாது. இன்னும் பாதுகாப்பான வழி, தடுப்புச் சுவரையும் வீட்டுச் சுவரையும் பிரித்து, நடுவே இரண்டரை அடி நடைவழி விடுவது. ஓர் அறையளவு இடம் போனாலும், கசிவு எங்கே என்று டார்ச் அடித்துப் பார்க்க முடியும்.

பீரோவுக்குப் பின்னாடி எப்பவும் பூஞ்சை பிடிக்குது. பெயிண்ட் மாத்தினா போகுமா?

போகாது. 18 பாகையில், 70 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று, 12.4 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் நீராகப் படியும். வெளியே 5 பாகை இருக்கும் இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உட்பரப்பு 8 பாகையை ஒட்டி இருப்பதால் காலையில் வழிகிறது. வெளிச்சுவரை ஒட்டிய பீரோ, அறையின் சூடு அந்தச் சுவரைத் தொடாமல் மறைத்துவிடுகிறது. அங்கே பட்டுச்சேலையின் ஜரிகைதான் முதல் பலி. பீரோக்களையும் அலமாரிகளையும் உட்சுவர்களில் வையுங்கள். சமையல் எரிவாயு எரியும்போதும் நீராவி வருவதால் சமையலறையிலும் குளியலறையிலும் வெளியேற்று விசிறி வேண்டும். துணியைப் படுக்கையறையில் கொடி கட்டி உலர்த்தக் கூடாது. பொருள் குறைந்த வீட்டில் பூஞ்சையும் குறைவதை நீங்களே பார்க்கலாம்.

ஃபயர்பிளேஸ் வெச்சா போதுமா, ஹீட்டரும் வேணுமா?

திறந்த கணப்பில் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மூடிய இரும்பு அடுப்பு, அதற்கென்று வெளிக்காற்றுக் குழாய், வீட்டின் நடுவே புகைபோக்கி என்று அமைத்தால் அதே விறகில் பல மடங்கு பயன் கிடைக்கும். மேலே சொன்ன காப்பு வேலைகளைச் செய்த ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு இப்படி ஓர் அடுப்பு போதும். பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் கொல்லும். மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் இப்படி இறந்த செய்திகள் அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கின்றன.

மூட்டமா இருக்கிற ஊர்ல சோலார் வேலை செய்யுமா?

செய்யும், பருவமழை மாதங்களில் குறையும். குளிரில் சூரியத் தகடுகளின் திறன் கூடும் என்பதால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை விளைச்சல் நன்றாக இருக்கும். தெற்கே 11 பாகைச் சாய்வு போதும். கூரையை அந்தப் பக்கம் சாய்த்துக் கட்டினால் தனிச் சட்டமே வேண்டாம். 2024-இல் அறிவிக்கப்பட்ட சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம். சுடுநீருக்கு வெற்றிடக் குழாய் வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணத் தட்டை வகையில் உறைபனி இரவில் குழாய் வெடிக்கலாம்.

எங்க மனைக்குக் கீழ இருக்கிறவர் எல்லை வரைக்கும் மண்ணை வெட்டிட்டார். நாங்க என்ன செய்யறது?

1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, இயற்கை நிலையில் உள்ள ஒருவரின் நிலத்துக்குப் பக்கத்து நிலத்து மண் தரும் தாங்கலை அவருடைய உரிமை என்று சொல்கிறது. 'இயற்கை நிலையில்' என்பதைக் கவனியுங்கள்: நீங்கள் ஏற்கெனவே அந்த விளிம்பில் மண் கொட்டி வீடு கட்டியிருந்தால் அந்தக் கூடுதல் பாரத்துக்கு இந்த உரிமை தானாக நீளாது. எல்லைக்கு மிக அருகே கட்ட வேண்டாம் என்று சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

உடனே செய்ய வேண்டியவை: தேதி தெரியும்படி புகைப்படம் எடுங்கள், உள்ளாட்சி அமைப்புக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், உங்கள் பக்கத்து நீர் அந்த வெட்டு முகத்தில் விழாதபடி வாய்க்காலைத் திருப்பி, மழைக்கு முன் வெட்டு முகத்தின் மேல்விளிம்பைத் தார்ப்பாயால் மூடுங்கள். சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதிவையுங்கள். கண்ணாடி உடைந்தால் நிலம் இன்னும் நகர்கிறது என்று பொருள். அன்றிரவு மழை எதிர்பார்க்கப்பட்டால் அந்தப் பக்கத்து அறைகளில் யாரும் படுக்க வேண்டாம்.